காது ஆபரேஷன் பண்ணி வருஷக்கணக்கா ஆச்சு, இப்போ பின்னாடி நூல் வெளிய வருது

நீலக்குயில்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் பெருசா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எனக்கு பிறந்ததுலேருந்தே ரெண்டு காதும் வெளிய விடைச்சிட்டு இருக்கும். ஸ்கூல்ல என்னென்ன பேர் வச்சாங்கன்னு இங்க எழுத மனசு வரல. ரெட்டை ஜடை கம்பல்சரி வேற, எண்ணெய் வச்சு இழுத்துப் பின்னினா காது மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேந்ததும் சொந்தச் சம்பளத்துல 2018ல சென்னையில ஒரு கிளினிக்ல ஓட்டோபிளாஸ்டி, அதாவது விடைச்ச காத ஒட்டினாப்ல அமைக்கற ஆபரேஷன், பண்ணிக்கிட்டேன். நல்லா வந்துச்சு, அத நான் மறுக்கவே மாட்டேன், அதுக்கப்புறம்தான் போனிடெயில் போட்டு ஒரு போட்டோ எடுத்தேன்.

இப்போ பிரச்சனை என்னன்னா இடது காதுக்குப் பின்னாடி மேல் பக்கமா ஒரு சின்ன பரு மாதிரி வந்துச்சு, சீப்பு பட்டா சுருக்குனு குத்துது, அப்புறம் அதுலேருந்து லேசா சீழ் வந்துச்சு, காஞ்சுது, திரும்ப வந்துச்சு. போன வாரம் அக்காவ பாக்கச் சொன்னேன், போன்ல போட்டோ எடுத்துப் பாத்தா வெள்ளையா ஒரு நூல் முனை நீட்டிட்டு இருக்கு. பயந்துட்டேன். தையல் எல்லாம் எப்பவோ பிரிச்சாச்சே, இது எந்த நூல்?

இன்னும் ரெண்டு விஷயம். அந்த இடது காதோட மேல் பாகம் கொஞ்சம் வெளிய வந்த மாதிரி இருக்கு, வலது காது அப்படியே இருக்கு. அப்புறம் ரெண்டு காதோட மேல் ஓரமும் இன்னும் முழுசா உணர்வு வரல, மரத்த மாதிரிதான் இருக்கு, ஆபீஸ் ஏசில உக்காந்தா வலிக்குது.

ஆபரேஷன் பண்ண டாக்டர் வெளிநாடு போயிட்டாராம், கிளினிக்கும் கை மாறிடுச்சு. தை மாசம் எனக்குக் கல்யாணம். நூல புடிச்சு இழுத்தா வந்துடும் போல இருக்கு, ஆனா இழுத்தா காது பழையபடி விரிஞ்சுடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல. அம்மா மஞ்சள் அரைச்சுப் பூசச் சொல்றாங்க. யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

---

கோவை_லேத்:

வணக்கம் சிஸ்டர். முதல்ல பயப்படாதீங்க, எனக்கு இதே ஆச்சுங்க. இழுக்க மட்டும் இழுத்துராதீங்க, அது பாதி வந்து உள்ளயே அறுந்து நின்னுச்சுன்னா அப்புறம் தேடி எடுக்கறதுக்கு டாக்டருக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம்.

எனக்கு வலது காதுல வந்துச்சுங்க. பட்டறையில நாள் பூரா சேஃப்டி கண்ணாடி போட்டிருப்பேன், அந்தக் கண்ணாடிக் கம்பி சரியா அந்த இடத்துலதான் உக்காரும், அதுல உரசி உரசி தோல் மெலிஞ்சு நூல் முடிச்சு வெளிய எட்டிப் பாத்துருச்சு. நானும் வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டுட்டுத்தான் இருந்தேன். பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனா மரத்துப்போற ஊசி ஒன்னு போட்டு சின்னதா கீறி முடிச்சோட எடுத்துட்டாருங்க, அட்மிஷன் எல்லாம் இல்ல, டீ குடிக்கப் போயிட்டு வர்ற நேரந்தான். காது விரியலீங்க, இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்குது.

ஒன்னு சொல்லணும், எனக்கு ஆபரேஷன் பண்ணி ரொம்ப வருஷம் கழிச்சு வந்த நூலு. பண்ணி ஒரே மாசத்துல வந்தா கதை வேறன்னு அந்த டாக்டரே சொன்னாரு. அதனால ஆளாளுக்கு மாறும், நேர்ல காட்டிருங்க. மஞ்சள் எல்லாம் தொறந்த புண்ணு மேல வேண்டாமுங்க, அம்மாகிட்ட பக்குவமா சொல்லிருங்க.

---

தெற்குவாசல்_இஎன்டி:

நான் அரசு ஆஸ்பத்திரியில இஎன்டி டாக்டரா இருக்கேன்மா. நேர்ல பாக்காம வைத்தியம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன், ஆனா என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சா பாதிப் பயம் போயிடும், அதுக்காக எழுதுறேன்.

நீங்க பிரிச்சது தோல் மேல போட்ட தையல். அது இல்லாம உள்ள குருத்தெலும்ப மடிச்சு புடிச்சு வைக்கறதுக்குன்னு கரையாத நூல்ல தனியா தையல் போடுவோம், அத எடுக்கறதே இல்ல, அது ஆயுசுக்கும் உள்ளயே இருக்கணும்னுதான் போடறது. 1963ல முஸ்டார்டேங்கிற சர்ஜன் எழுதி வச்ச முறை இது, இன்னிக்கும் உலகம் பூரா அதத்தான் கொஞ்சம் மாத்தி மாத்தி செய்யறாங்க. காதுக் குழி, அதாவது காதுத் துளைய சுத்தி கிண்ணம் மாதிரி இருக்கற பள்ளம், ஆழமா இருந்தா 1968ல ஃபர்னாஸ் சொன்ன மாதிரி அந்தக் குழியவே பின்னாடி இருக்கற மாஸ்டாய்டு எலும்போட மேல்சவ்வுல இழுத்துக் கட்டுவோம். நெறைய பேருக்கு ரெண்டும் சேத்துத்தான் பண்ணிருப்பாங்க. இத ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை பேர் பேஷன்ட்டுக்குப் புரியற மாதிரி சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும், ஆறு வாரம் ஹெட்பேண்ட் போட்டா முடிஞ்சதுன்னு சொல்லி அனுப்பிடறாங்க, உள்ள நூல் இருக்குங்கறதே தெரியாம இருக்கறவங்க என்கிட்ட வந்து உக்காந்திருக்காங்க. அது தப்பு. ஆயுசுக்கும் ஒரு பொருள உடம்புல வைக்கறோம்னா அது அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.

காதுக்குப் பின்னாடி தோல் ரொம்ப மெல்லிசு, கீழ கொழுப்பும் பெருசா கிடையாது. அதனால முடிச்சு தோலுக்குப் பக்கத்துல இருந்தா உரசல்ல வெளிய வரப் பாக்கும். இது மாசக் கணக்குலயும் வரலாம் வருஷம் கழிச்சும் வரலாம். வெள்ளை நூல்னு சொல்றீங்க, அது அனேகமா பின்னல் நூலா இருக்கும். பின்னல் நூல் முடிச்சு நல்லா நிக்கும், ஆனா இழைகளுக்கு நடுவுல கிருமி போய் உக்காந்துடும், அதான் காஞ்சு காஞ்சு திரும்ப சீழ் வைக்குது. ஆன்டிபயாட்டிக் சாப்ட்டா அடங்கும், நிறுத்தினா வரும், நூல் உள்ள இருக்கற வரைக்கும் இது ஓயாது. நூல எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிடும்.

காது விரியுமாங்கறதுக்கு வர்றேன். கான்கிரீட் இறுகுற வரைக்கும் சென்ட்ரிங் பலகை தாங்குற மாதிரிதான் இந்த நூல் முதல் சில மாசம் வேலை செய்யுது. அதுக்கப்புறம் உள்ள உருவான தழும்புத் திசு பெரும்பாலும் காதப் புடிச்சு வச்சுக்கும். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நூல எடுத்தா காது மொத்தமா பழையபடி போறது அபூர்வம். ஆனா உங்க மேல் பாகம் ஏற்கனவே கொஞ்சம் வெளிய வந்திருக்குன்னு சொல்றீங்க, அந்தத் தையல் முன்னாடியே லூஸாயிருக்கலாம் இல்ல குருத்தெலும்ப அறுத்துட்டு வந்திருக்கலாம், மேல் பாகம்தான் வழக்கமா முதல்ல திரும்பும். பழைய போட்டோவ வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. தலைக்கும் காது ஓரத்துக்கும் ஒன்றரைலேருந்து ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி நார்மல்தான், ரெண்டு காதுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஆபரேஷனே பண்ணாதவங்களுக்கும் இருக்கும்.

இப்போ கவனமா படிங்க. நூல் முனை, சின்னப் பரு, துளி சீழ், இதுக்கு இந்த வாரத்துக்குள்ள காட்டினா போதும். ஆனா காது மடல் முழுக்க செவந்து, வீங்கி, தொட முடியாத வலி வந்து, கீழ சோணை மட்டும் நார்மலா இருந்துச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், ராத்திரி ஆனாலும். அது பெரிகான்ட்ரைட்டிஸ், குருத்தெலும்புச் சவ்வுல வர்ற இன்ஃபெக்ஷன். சோணையில குருத்தெலும்பு கிடையாது அதனாலதான் அது தப்பிக்கும். சூடோமோனாஸ்ங்கற கிருமிதான் அதுல அடிக்கடி வரும், மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா எடுத்துக் குடுக்கற அமாக்ஸிசிலின் அதுக்குக் கேக்காது. விட்டா குருத்தெலும்பே கரைஞ்சு காது சுருங்கிடும், அத எந்த ஆபரேஷனாலயும் முழுசா பழையபடி கொண்டு வர முடியாது. சுகர் இருக்கறவங்க ரெட்டிப்பு ஜாக்கிரதையா இருக்கணும்.

மரத்துப் போறதப் பத்தி: காதுக்கு உணர்வு குடுக்கற நரம்புக் கிளைகள் அந்தக் கீறல்ல அறுபடும், பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல திரும்பிடும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே தங்கிடும், குளிர்ல வலிக்கறதும் அதோட சேந்ததுதான். ஆபத்து கிடையாது. ஆனா கல்யாணத்துக்கு பார்லர்ல முடி அயர்ன் பண்ணும்போது சூடு பட்டா உங்களுக்குத் தெரியாது, வெந்துடும். அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

---

நெல்லைக்காரி:

டாக்டர் சார் எல்லாம் வெவரமா சொல்லிட்டாவ, நான் அவுக சொல்லாம விட்ட ஒன்னச் சொல்லுதேன், கீலாய்டு, அதான் கட்டி மாதிரி தடிச்சு வளருத தழும்பு.

எனக்குப் பண்ணது காது சோணை. கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு ஓட்டை இழுத்து இழுத்து கடைசில ரெண்டாப் பிஞ்சே போச்சு. எங்க பக்கம் இது புதுசில்ல, எங்க ஆச்சி தோள் வரைக்கும் தொங்குத பாம்படக் காதோட இருந்தவ, அப்புறம் ஊர்ல எல்லாரும் அறுத்துத் தச்சுக்கிட்டாவன்னு அவளும் டாக்டர்கிட்ட போயி தச்சுக்கிட்டா, அவளுக்கு ஒரு கோடு மாதிரித்தான் தழும்பு. அந்த தைரியத்துலதான் நானும் போனேன். எனக்குத் தச்ச இடத்துல சில மாசம் கழிச்சு அரிப்பு, அப்புறம் கல்லு மாதிரி கட்டி, அப்புறம் சோணைக்குப் பின்னாடி சுண்டக்காய் அளவுக்கு உருண்டு நின்னுது. எங்கம்மாவுக்கு நெஞ்சுல அம்மைத் தழும்பு கீலாய்டா இருக்கு, ஆனா அத யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எங்களுக்கும் தெரியல.

ஒரு எடத்துல வெட்டி எடுத்துட்டாவ, வேற ஒன்னும் பண்ணல. திரும்ப முன்னவிடப் பெருசா வந்துச்சு. கீலாய்ட வெட்டி மட்டும் எடுத்தா பாதிக்கு மேல திரும்பி வரும்னு அப்புறம் பாத்த தோல் டாக்டர்தான் சொன்னாவ. அந்தம்மா ட்ரையாம்சினோலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசி மாசத்துக்கு ஒருக்க உள்ளயே போட்டாவ, அப்பா அந்த வலிய என்னன்னு சொல்ல, கட்டிக்குள்ள மருந்து எறங்கவே எறங்காது. கூடவே காத அழுத்திப் புடிக்குத மாதிரி ஒரு கிளிப்பு, ராத்திரி பகல்னு பாதி நாளுக்கு மேல போட்டே இருக்கணும், சிலிகான் ஷீட்டும் ஒட்டச் சொன்னாவ. சுருங்கிருச்சு. ஊசி போட்ட எடம் வெளுத்துப் போச்சு, எங்க கலருக்கு அது பளிச்சுன்னு தெரியும், அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரியாவும்னாவ. பிள்ளை உண்டானப்போ திரும்ப லேசா அரிக்க ஆரம்பிச்சுது, அதுவும் உண்டாம், வயித்துல பிள்ள இருக்கும்போது கீலாய்டு சிலருக்கு வளருமாம்.

இது அழகுக்காகப் பண்ற எல்லா காது ஆபரேஷனுக்கும் பொருந்தும் தங்கச்சி. நம்ம மாதிரி கறுத்த தோலுக்கு வெள்ளத்தோலவிட கீலாய்டு ஜாஸ்தி வரும், அதுலயும் காது அதுக்குப் பிடிச்ச எடம். நீ நூல் எடுக்கப் போறப்போ வீட்ல யாருக்காவது தழும்பு தடிக்கிற ஒடம்பான்னு அம்மாகிட்ட கேட்டுட்டுப் போ. உனக்கு ஏற்கனவே அந்தக் கீறல் நல்லா ஆறியிருக்குன்னா பெருசா பயம் வேண்டாம்.

---

ராத்திரி_ஷிப்ட்:

இங்க எல்லாரும் நூல் பத்தி பேசறீங்க, எனக்கு நடந்தது வேற, அதையும் பதிவு பண்ணிடறேன், ஆபரேஷன் பண்ணலாமான்னு யோசிக்கறவங்க யாராவது படிச்சா பிரயோஜனமா இருக்கும்.

எனக்குக் காதோட நடுப்பகுதிய ரொம்ப அமுக்கி ஒட்ட வச்சுட்டாங்க, மேலயும் கீழயும் மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. முன்னாடிலேருந்து பாத்தா பழைய லேண்ட்லைன் ரிசீவர் மாதிரி, அதுக்குப் பேரே டெலிபோன் இயர்னுதான் வச்சிருக்காங்க. அதோட ஒரு காதுல உள்மடிப்பு வழவழன்னு வளையாம கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பா நிக்குது, குருத்தெலும்ப வெட்டிப் பண்ற முறையில அப்படி ஆகுமாம், வீக்கம் முழுசா வடிஞ்ச பிறகுதான் அது வெளிய தெரிஞ்சுது. காதுக்குப் பின்னாடி இடமே இல்ல, கண்ணாடி போட்டா கம்பி உக்காராம நழுவிட்டே இருக்கும், கொரோனா நேரத்துல மாஸ்க் எலாஸ்டிக் நிக்காம தலைக்குப் பின்னாடி கட்டற டைப்தான் வாங்கினேன். எனக்கு வேலையே கால் சென்டர்ல, ஹெட்செட் எட்டு மணி நேரம் அந்த விளிம்ப அழுத்தும்.

ரிவிஷன், அதாவது திரும்ப ஆபரேஷன் பண்ணி திருத்தறது, பண்ணலாமான்னு ரெண்டு மூணு டாக்டர்கிட்ட கேட்டேன். நூல் போட்டு மடிச்சது மட்டும்னா திருத்தறது ஓரளவு சுலபம், குருத்தெலும்ப வெட்டினா அது திரும்ப வளராது, வேற இடத்துலேருந்து துண்டு எடுத்து வச்சுத்தான் சரி பண்ணனும்னு சொன்னாங்க. யாருமே பழைய மாதிரி ஆயிடும்னு வாக்கு குடுக்கல, அதுக்காக அவங்கள நான் மதிக்கறேன். முதல் டாக்டர் போட்டோஷாப்ல ஒரு படம் காட்டி இப்படி வரும்னார்.

பண்ணப் போறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்றேன், டாக்டர்கிட்ட கேளுங்க: குருத்தெலும்ப வெட்டுவீங்களா, சுரண்டுவீங்களா, நூல் மட்டுமா? பதில் சொல்லாம நீங்க அதப் பத்தி கவலப்படாதீங்கன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

---

நீலக்குயில்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அக்கா படிச்சுக் காட்டச் சொல்லி அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன், மஞ்சள் நின்னாச்சு. நெல்லை அக்கா, எங்க வீட்ல யாருக்கும் தடிச்ச தழும்பு கிடையாதாம், என் கீறலும் மெல்லிசு கோடுதான்.

டாக்டர் சார், இன்னும் கொஞ்சம் கேக்கலாமா? கல்யாணத்துக்கு பெரிய ஜிமிக்கியும் மாட்டலும் போடணும், பாட்டியோடது, எடை ஜாஸ்தி. போடலாமா? மேல் பாகம் வெளிய வந்தத கல்யாணத்துக்குள்ள சரி பண்ண முடியுமா? அப்புறம் இன்சூரன்ஸ்ல இதுக்கு கிளெய்ம் கிடைக்குமா, ஆபீஸ் பாலிசி இருக்கு.

---

கிளெய்ம்_டெஸ்க்:

இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், அதுதான் என் வேலை. அழகுக்காக பண்ற சர்ஜரிய பெரும்பாலான ஹெல்த் பாலிசியில விலக்கி வச்சிருப்பாங்க, இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ போட்ட பொதுவான விலக்குப் பட்டியல்லயே அது இருக்கு. விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்கெல்லாம் அப்புறம் செய்யற சீரமைப்பு சர்ஜரி மாதிரி சிலதுக்கு விதிவிலக்கு உண்டு. ஆக ரிவிஷனுக்கு எதிர்பாக்காதீங்க. இன்ஃபெக்ஷனுக்கு அட்மிட் ஆனா கூட இது எதனால வந்துச்சுன்னு கேள்வி வரும், அதையும் மறுக்க வாய்ப்பு இருக்கு. அதுக்காக டாக்டர்கிட்ட ஹிஸ்டரிய மறைச்சுடாதீங்க, கிளெய்ம் போனா காசு போச்சு அவ்ளோதான், தப்பான ஹிஸ்டரி குடுத்து தப்பான மருந்து வாங்கிட்டா காதே போயிடும். ஆபீஸ் குரூப் பாலிசியில சில கம்பெனி தனியா சேத்திருப்பாங்க, எச்ஆர்கிட்ட பாலிசி காப்பி வாங்கிப் படிச்சுப் பாருங்க.

---

தெற்குவாசல்_இஎன்டி:

மாட்டல் விஷயம் நல்ல கேள்விம்மா, யாரும் யோசிக்க மாட்டாங்க. ஜிமிக்கி எடை சோணையில தொங்குது, உங்க ஆபரேஷனுக்கும் அதுக்கும் நேரடியா சம்பந்தம் இல்ல, தாராளமா போடுங்க. மாட்டல்தான் காது மடல ஒட்டி மேல ஏறி முடியில மாட்டும், நூல் எடுத்த புண்ணு புதுசா இருந்தா அதுல உரசும். இப்பவே நூல எடுத்துட்டா தை மாசத்துக்குள்ள நல்லா ஆறிடும், அதனாலதான் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன். மேல் ஓரத்துல புதுசா ஓட்டை குத்தி கம்மல் போடற ஆசை இருந்தா அத மட்டும் விட்டுடுங்க, குருத்தெலும்புல குத்தறது யாருக்குமே இன்ஃபெக்ஷன் ஆபத்துதான், உங்களுக்கு உள்ள இன்னும் நூல் வேற இருக்கு.

மேல் பாகத்த இப்ப சரி பண்ண வேண்டாம். இன்ஃபெக்ஷன் இருக்கற இடத்துல புதுசா தையல் போடக் கூடாது. நூல எடுத்து, முழுசா ஆறி, சில மாசம் விட்டு அப்புறமும் உங்களுக்கு அது உறுத்தினா அப்ப யோசிக்கலாம். கல்யாணத் தேதிய வச்சு அவசரப்படுத்தற சர்ஜன்கிட்ட போகாதீங்க.

பழைய ஆபரேஷன் நோட்ஸ் கிடைக்குமான்னு பாருங்க. என்ன நூல், எத்தனை தையல், எங்கெங்க, குழிய பின்னாடி கட்டினாங்களான்னு அதுல இருக்கும். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிப்படி பேஷன்ட் கேட்டா 72 மணி நேரத்துல ரெக்கார்டு குடுக்கணும், ஆனா மூணு வருஷம் வரைக்கும் வச்சிருந்தா போதும்னுதான் விதி. 2018ங்கறதால கிளினிக்ல இல்லாம போயிருக்கலாம். வீட்ல டிஸ்சார்ஜ் சம்மரி ஃபைல் இருக்கான்னு தேடுங்க.

ஒன்னு கேக்க மறந்துட்டேன், இன்-இயர் இயர்போன் ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி போகுதா? குழிய இழுத்துக் கட்டும்போது சில சமயம் காதுத் துளை வாசல் குறுகிடும், குறும்பி சேந்துட்டே இருக்கும். காது கேக்கற நரம்புக்கு ஒன்னும் ஆகாது, அது வேற. ஆனா அடிக்கடி அடைக்குதுன்னா அதையும் பாக்கச் சொல்லுங்க.

---

பொன்மாலை:

இடையில வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, இதப் படிச்சதும் கைகால் ஓடல. என் பையனுக்கு அஞ்சு வயசு முடியப் போகுது, காது ரெண்டும் நல்லா விடைச்சிருக்கும். யூகேஜில பசங்க ஆரம்பிச்சுட்டாங்க. லீவுல ஆபரேஷன் பண்ணிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், மாமியார் வேண்டவே வேண்டாம்கறாங்க. இவ்ளோ பிரச்சனை வரும்னா பண்றதா வேண்டாமா? கைக்குழந்தையா இருக்கும்போது துணி கட்டி வச்சிருந்தா சரியாயிருக்கும்னு மாமியார் தினமும் சொல்லிக் காட்றாங்க, அது நிஜமா?

---

தெற்குவாசல்_இஎன்டி:

அம்மா, இங்க எழுதறவங்க பிரச்சனை வந்தவங்க, நல்லா இருக்கறவங்க இங்க வந்து எழுத மாட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு இந்த ஆபரேஷன் நல்லாத்தான் அமையுது.

அஞ்சாறு வயசுல காது பெரியவங்க அளவுல ஏறக்குறைய முழுசா வளந்துடும், அதனால அந்த வயசுக்கு மேல பண்ணலாம்னு சொல்றாங்க. பண்ணியே ஆகணும்னு இல்ல, காது கேக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. துணி கட்டறது பலன் இல்ல, ஆனா பொறந்த முதல் ரெண்டு மூணு வாரத்துல மோல்டு வச்சு டேப் ஒட்டினா நெறைய குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே காது வடிவம் மாறும். தாயோட ஈஸ்ட்ரோஜன் குழந்தை உடம்புல இருக்கற வரைக்கும் குருத்தெலும்பு மெத்துனு இருக்கும், அது குறைஞ்சா இறுகிடும். அத உங்களுக்கு அன்னிக்கு யாரும் சொல்லலன்னா அது உங்க குத்தம் இல்ல, மாமியார்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. அடுத்து வீட்ல யாருக்காவது குழந்தை பொறந்தா முதல் வாரமே காதையும் காட்டச் சொல்லுங்க.

---

கடலூர்_சில்வர்பீச்:

பொன்மாலை மேடம், எனக்கு ஏழு வயசுல பண்ணாங்க, இப்ப எனக்கு முப்பது தாண்டியாச்சு. காது நல்லாத்தான் இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா என்கிட்ட யாரும் கேக்கல. டான்சில் ஆபரேஷன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க, எழுந்து பாத்தா தலை பூரா கட்டு. ராத்திரி ஒரு பக்கம் வலி தாங்காம அழுதேன், கட்டு அவுத்துப் பாத்தா உள்ள ரத்தம் கட்டியிருந்துச்சு, நல்லவேளை அந்த நர்ஸ் அக்கா அழுவுறான்னு விட்டுடாம டாக்டர எழுப்பினாங்க. அந்த ரத்தக்கட்டு எடுக்காம விட்டிருந்தா காது காலிஃபிளவர் மாதிரி சுருங்கிருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். அதனால பண்ணா முதல் ரெண்டு நாள் பையன் ஒரு பக்கம் மட்டும் ரொம்ப வலிக்குதுன்னு சொன்னா அத நம்புங்க.

காது மாத்துனதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா என் மூஞ்சியில எங்கப்பா அம்மாவுக்கு எது புடிக்கலங்கறத நான் அன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன், அது ரொம்ப வருஷம் உள்ள இருந்துச்சு. பையனுக்கு அவன் காது உறுத்துதான்னு அவன்கிட்ட கேளுங்க. அவனுக்கு உறுத்தலன்னா ஸ்கூல்ல போய் பேசுங்க, டீச்சர்கிட்ட பேசுங்க. அவனே வேணும்னு கேக்கற வயசு வரைக்கும் காத்திருந்தா ஒன்னும் கெட்டுப் போகாது, நீலக்குயில் சிஸ்டரும் வேலைக்குச் சேந்துதான பண்ணிருக்காங்க.

---

பொன்மாலை:

நன்றிங்க. அழுதுட்டேன் படிச்சு. நேத்து ராத்திரி தூங்க வைக்கும்போது அவன்கிட்டயே கேட்டேன், காதுதானே அம்மா, எனக்குப் புடிக்கும்னான். லீவுல ஆபரேஷன் இல்லன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். ஸ்கூலுக்கு திங்கட்கிழமை போறேன்.

---

நீலக்குயில்:

அப்டேட். பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனேன், அரசு ஆஸ்பத்திரியிலயே பிளாஸ்டிக் சர்ஜரி ஓபி இருக்குன்னு ஆபீஸ்ல ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும், அழகுக்குப் பண்ணதுக்கெல்லாம் திட்டுவாங்களோன்னு தயங்கினேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லல. வீட்ல பழைய ஃபைல் கிடைச்சுது, அதுல நூல் பேர் 4-0 மெர்சிலீன்னு எழுதியிருந்துச்சு, டாக்டர் அதப் பாத்துட்டு பின்னல் நூல்தான்னு சொன்னாங்க, நீங்க இங்க சொன்னதேதான். ஊசி போட்டு அந்த ஒரு நூல மட்டும் முடிச்சோட எடுத்தாங்க, மத்த நூல் எதுவும் தொந்தரவு பண்ணாததால அத தொடல. சீழ கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமின்னு பாக்கற டெஸ்ட்டுக்கு, அனுப்பிருக்காங்க. காது இப்போதைக்கு நகரல. இயர்போன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போகுது டாக்டர் சார்.

வலது காதுலயும் தடவிப் பாத்தா உள்ள ஒரு சின்ன முடிச்சு கைக்குத் தட்டுப்படுது, வலி செவப்பு எதுவும் இல்ல. அதையும் எடுத்துடச் சொல்லிக் கேக்கணுமா?

---

தெற்குவாசல்_இஎன்டி:

வேண்டாம்மா. தோல் மூடியிருக்கு, வலி இல்ல, செவப்பு இல்லன்னா அத விட்டுடணும். ஹெல்மெட் மாட்டும்போதும் கழட்டும்போதும் காத மடக்கி இழுக்காம ரெண்டு பக்கமும் பட்டைய விரிச்சு மாட்டுங்க, மாசத்துக்கு ஒரு தடவை அக்காவ பின்னாடி பாக்கச் சொல்லுங்க. கல்ச்சர் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவங்க குடுத்த மாத்திரைய நடுவுல நிறுத்தாதீங்க, ரிப்போர்ட்ல மருந்து மாத்தச் சொன்னா அன்னிக்கே மாத்திடுங்க.